பதிவேட்டில் இருந்த ஆயா

மரியசெல்விக்குக் குழந்தைகள் என்றால் அவ்வளவாக ஆகாது. அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. பெற்றது ஒரே ஒரு பையன். அவனையும் மாமியார்தான் வளர்த்து ஆளாக்கிக்கொண்டிருந்தார். அழுகிற பிள்ளையை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதெல்லாம் கடைசிவரை அவளுக்குக் கைவரவில்லை. அவளுக்குக் கைவந்தது நூல். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில், ரீலிங் பிரிவில், இருபது வயதிலிருந்து வேலை பார்த்தாள். ஓடுகிற இயந்திரத்திலிருந்து நூலைச் சிட்டம் சிட்டமாக, வளையக் கற்றைகளாகச் சுற்றி இறக்குவது அந்தப் பிரிவின் வேலை. அறுந்த இழையைப் பார்க்காமலேயே விரலால் தேடி முடிச்சுப் போட்டுவிடுவாள். அவள் இறக்கிய சிட்டங்கள் சின்னாளபட்டி நெசவாளர்களிடம் போகும்போது சிக்கே இருக்காது என்று மேஸ்திரியே சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

1995-ஆம் வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் காலை, டைம் ஆபீஸ் கிளார்க் சடையாண்டி ரீலிங் பிரிவுக்குள் ஓடிவந்தார். யாரையோ தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு பெண்ணையும் மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் மரியசெல்வியிடம் வந்து நின்றார்.

"தாயி, மிஷின நிப்பாட்டு. பதினோரு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வாராரு. இன்னைக்கு நீதான் ஆயா."

"என்ன ஆயா?"

"வா, சொல்றேன்."

ஆலையின் மேற்கு மூலையில், கேன்டீனுக்குப் பின்னால், 'குழந்தைகள் காப்பகம்' என்று பச்சைப் பெயின்டில் எழுதிய ஓர் அறை இருந்தது. எப்போதும் பூட்டிக்கிடக்கும். அன்றைக்குத் திறந்து, கழுவி, நான்கு இரும்புத் தொட்டில்களைப் போட்டு, சுவரில் ஒரு கிளியும் முயலும் வரைந்திருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. ஊழியர் குடியிருப்பிலிருந்து ஆறு பிள்ளைகளை இரவல் வாங்கிவந்து உட்காரவைத்திருந்தார்கள். மரியசெல்விக்கு நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை ஒன்று தரப்பட்டது. அவள் அதைக் கட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில், மடியில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆய்வாளர் வந்தார், பார்த்தார், போனார். சடையாண்டி ஒரு நோட்டை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு தாயி" என்றார். போட்டாள். சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரீலிங்குக்குப் போனாள். அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த மின்விசிறி நன்றாக இருந்தது. ரீலிங் பிரிவில் அப்படி ஒன்று இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த அறையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. நினைக்கவைத்தது பாண்டிச்செல்வி.

பாண்டிச்செல்வி பக்கத்து இயந்திரத்துக்காரி. இருபத்து மூன்று வயது. பிரசவ விடுப்பு முடிந்து மூன்று மாதக் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் நாகல் நகரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் பதினோரு மணிக்கு ஆலை வாசலுக்கு வருவார். பாண்டிச்செல்வி வெளியே போய்ப் பால் கொடுத்துவிட்டு வரவேண்டும். வெளியே போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸில் சடையாண்டி கையெழுத்துப் போடவேண்டும். சடையாண்டி சில நாள் இருக்கமாட்டார், சில நாள் இருந்தும் போடமாட்டார். வாசலுக்கு வெளியே பிள்ளை கத்தும் சத்தம் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்பதாகப் பாண்டிச்செல்வி சொல்வாள். கேட்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அவளுக்குக் கேட்டது. ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொள்ளும். மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு நிற்பாள்.

அவள் போகும் நேரமெல்லாம் அவளுடைய இயந்திரத்தையும் மரியசெல்விதான் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் ஓடி ஓடி இழைக்கு முடிச்சுப் போடுவதில் இடுப்பு விட்டுப்போகும். மேஸ்திரி வந்து அவளைத்தான் திட்டுவார். நாலாவது வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ புள்ள, நீ நில்லு. அந்தச் சீட்ட நான் போய் வாங்கிட்டு வாரேன்" என்று டைம் ஆபீஸுக்குப் போனாள்.

சடையாண்டி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பலகை இருந்தது. அதன்மேல் ஓர் உரக்கடையின் பழைய காலண்டர் தொங்கியது. காலண்டருக்குக் கீழே இரண்டு வரி மட்டும் தெரிந்தது. வேறு வேலை இல்லாததால் எழுந்து போய்க் காலண்டரை விலக்கிப் படித்தாள். தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம். தமிழில்தான் இருந்தது, ஆனால் தமிழ் மாதிரி இல்லை. இரண்டு தடவை படித்ததில் ஒன்று விளங்கியது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஆறு வயதுக்குக் கீழுள்ள அவர்களது பிள்ளைகளுக்குக் காப்பகம் இருந்தாகவேண்டும். பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்மார்கள் இடையிடையே போய்ப் பால் கொடுக்க வசதி செய்து தரவேண்டும்.

ரீலிங்கில் மட்டும் எழுபத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

சடையாண்டி வந்ததும் கேட்டாள். "இது என்னங்க இது, இப்படிப் போட்டுருக்கு?"

அவர் முதலில் காலண்டரைச் சரிசெய்தார். பிறகுதான் பதில் சொன்னார். "அது கவர்ன்மென்ட்டு மாட்டச் சொன்னது தாயி. மாட்டியாச்சு. அம்புட்டுத்தான்."

அன்றைக்குச் சாயங்காலமே அவள் மனு எழுத உட்கார்ந்தாள். எழுதியது அவளுடைய வீட்டுக்காரர் பிராங்கிளின். நாகல் நகரில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "எதுக்கு உனக்கு இந்த வம்பு? நம்ம பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான்" என்றார்.

"அந்தப் புள்ளைக்காக இல்ல. எனக்கு ரெண்டு மிஷின் பாக்க ஏலல. எழுதுங்க."

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. ஆறு வாரம் கழித்துப் பதிலும் வந்தது. பிராங்கிளின் சத்தமாக வாசித்தார்.

"'தங்கள் மனு தொடர்பாக ஆலை நிர்வாகத்திடம் விளக்கம் கோரப்பட்டது. மேற்படி ஆலையில் குழந்தைகள் காப்பகம் முறையாக இயங்கி வருவதாகவும், அதன் காப்பாளராகத் திருமதி பி. மரியசெல்வி என்பவர் 1.3.1995 முதல் தொடர்ந்து பணியாற்றி வருவதாகவும் பதிவேட்டு நகல்களுடன் நிர்வாகம் தெரிவித்துள்ளது...'"

அத்தோடு நிறுத்திவிட்டார். கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "காப்பகம் இல்லேன்னு யாரு மேல புகார் குடுத்த? உம்மேலயேவா?"

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

ஆலைக்குப் போனால் அங்கே பர்சனல் மேனேஜர் முத்துச்சாமி கூப்பிட்டுவிட்டிருந்தார். மேஜையில் அதே கடிதத்தின் இன்னொரு நகல். அவருக்கு வயது ஐம்பது இருக்கும். யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். அதுதான் எல்லோருக்கும் பயம்.

"ஏம்மா, மூணு வருசமா நீதான் ஆயா. நீயே காப்பகம் நடக்கலைன்னு எழுதிப் போட்டா, வேலை பாக்காம ஏமாத்துனது யாரு? நான் உனக்கு மெமோ குடுக்கணும். போகட்டும்னு விடுறேன். போய் வேலையப் பாரு."

"நான் ஒருநாள்தான் சார் உக்காந்தேன்."

"ரிஜிஸ்டர் அப்படிச் சொல்லலையே."

அவள் வெளியே வந்தாள். மாதாமாதம் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத் தன் வாயையே அடைக்கிறார்கள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எரிச்சலோடேயே உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்தக் கடிதத்தை ஐந்து பிரதி எடுத்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு ரீலிங்குக்குப் போகவில்லை. டைம் ஆபீஸுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

"என்ன சாவி தாயி?" என்றார் சடையாண்டி.

"காப்பகச் சாவி. நான்தான ஆயா? மூணு வருசமா வேலைக்கு வராம இருந்துட்டேன். இனிமே ஒழுங்கா வரணும்ல."

சடையாண்டி முகம் போன போக்கு! சாவி காணோம் என்றார். மேனேஜரிடம் இருக்கிறது என்றார். கடைசியில் தன் இடுப்பிலிருந்தே எடுத்தார். அவர் ஏன் அவ்வளவு தயங்கினார் என்பது கதவைத் திறந்ததும் தெரிந்தது. உள்ளே கூரைவரைக்கும் புளி மூட்டை. நத்தத்தில் சீசனில் வாங்கி, விலை ஏறும்போது விற்பது அவருடைய பக்கத் தொழில். மூட்டைகளுக்குப் பின்னால் துருப்பிடித்த நான்கு தொட்டில்களும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ரப்பர் பொம்மை ஒன்றும் கிடந்தன. கிளிக்கு மூக்கு உரிந்திருந்தது. மின்விசிறியைக் காணவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துருங்க. இல்லேன்னா கேன்டீன்ல குடுத்துருவேன். நாலு மாசத்துக்கு ரசத்துக்கு ஆகும்" என்றாள்.

மூட்டைகள் போய்விட்டன. அவள் அறையைக் கழுவினாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெறும் அறையில் உட்கார்ந்தாள். ரீலிங்கில் அவளுடைய இயந்திரம் நின்றுபோயிருந்தது. மேஸ்திரி வந்து கத்தினார். அடுத்த நாள் முத்துச்சாமியே வந்தார்.

"மரியசெல்வி, விளையாடாத. மிஷினுக்குப் போ."

"போறேன் சார். நான் ஆயா இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, இப்பவே போறேன்."

முத்துச்சாமி பேனாவைத் தொடவில்லை. எப்படித் தொடுவார்? இருக்கிறாள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. சுவரில் மூக்கு உரிந்த கிளியைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார்.

நான்காம் நாள் பாண்டிச்செல்வி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயந்து பயந்து வந்தாள். வாட்ச்மேன் மறித்தபோது மரியசெல்வி கடிதத்தின் ஒரு பிரதியை அவர் கையில் திணித்தாள். அடுத்த வாரம் ஐந்து பிள்ளைகள். மாதம் முடிவதற்குள் பதினான்கு.

அதற்குப் பிறகுதான் அவளுடைய உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. பதினான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதன, ஒரே நேரத்தில் நனைத்தன. ஓடுகிற இயந்திரத்தில் நாற்பது இழையை முடிந்தவளால் நெளிகிற ஒரு பிள்ளைக்கு ஜட்டி நாடாவை முடிய முடியவில்லை. ஒருத்தன் சுவர் மூலையில் சிந்திக்கிடந்த புளியங்கொட்டையை மூக்குக்குள் விட்டுக்கொண்டான். இன்னொருத்தி யாரைப் பார்த்தாலும் கடித்தாள். சட்டப்படி பிள்ளைகளுக்குப் பால் தரவேண்டும். கேட்டால் கோரிக்கைச் சீட்டில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஆள் கோயம்புத்தூரில் இருந்தார். பால் வந்தபோது பவுடராக வந்தது. வெந்நீர் வைக்க அடுப்பு கேட்டால், தீ விபத்து விதிப்படி ஆலைக்குள் அடுப்பு கூடாது என்று பதில் வந்தது. மின்விசிறி கேட்டால், அது முத்துச்சாமியின் அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் காப்பகம்தான சார் கேட்டேன்? என் வேலைய மாத்தச் சொல்லிக் கேட்டேனா?" என்று ஒருநாள் அவரிடமே போய் வெடித்தாள். "படிச்ச புள்ள ஒண்ணைப் போடுங்க. நான் மிஷினுக்குப் போறேன்."

முத்துச்சாமி முதல் தடவையாகச் சிரித்தார். "கவர்ன்மென்ட் ரெக்கார்டுல நீதானம்மா ஆயா. அதை நான் எப்படி மாத்துறது?"

அவள் விரித்த வலையில் அவளே மாட்டிக்கொண்டாள் என்று ஆலை முழுக்கப் பேச்சு. வீட்டில் பிராங்கிளின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கழுத்தில் பிள்ளை கடித்த தடத்துக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிட்டார்.

அந்த வருடம் ஐப்பசியில், முன்னால் சொல்லாமல், புதிதாக மாற்றலாகி வந்த ஆய்வாளர் ஒருவர் வந்தார். வயசு குறைவு. நேராகக் காப்பகத்துக்கு வந்தவர், தரையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எண்ணினார். பிறகு பதிவேட்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் புரட்டினார். முத்துச்சாமியும் சடையாண்டியும் வாசலில் நின்றார்கள்.

"உங்க இனிஷியல் என்னம்மா?"

"சி. எங்கப்பா பேரு சிலுவைமுத்து."

"இதுல முதல் நாள் 'சி' இருக்கு. அதுக்கப்புறம் மூணு வருசமும் 'பி' இருக்கு. இதெல்லாம் உங்க கையெழுத்தா?"

சடையாண்டி முத்துச்சாமியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். ரீலிங் பிரிவுச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே இயந்திரத்துக்குப் போய்விடலாம். இந்த அழுகையும் நாற்றமும் விட்டுத்தொலையும். அவள் கேட்டாள்:

"இல்லேன்னு சொன்னா என்ன சார் ஆகும்?"

"எழுத்துமூலமாகப் புகார் குடுத்தா, பொய்யான ஆவணம்னு வழக்குப் போடலாம்."

"எம்புட்டு நாளு ஆகும்?"

"கோர்ட்டு இல்லையா. மூணு வருசம், நாலு வருசம்."

"அதுவரைக்கும் இந்தப் புள்ளைக?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. பதிவேடே பொய் என்றானால், அதில் இருக்கும் ஆயாவும் இல்லை, காப்பகமும் இல்லை. புதிதாக ஆள் போட நிர்வாகம் எத்தனை மாதம் இழுக்கும் என்பதை அந்த அறையில் இருந்த யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"மொத நாள் போட்டது என் கையெழுத்து சார்" என்றாள் மரியசெல்வி. "மத்ததக் கேக்காதீங்க. அடுப்பும் பாலும் ஃபேனும் தரச் சொல்லி எழுதிட்டுப் போங்க. அதுபோதும்."

அவர் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போனார். பதினைந்து நாளில் அடுப்பு வந்தது. பால் வந்தது. மின்விசிறி வந்து மாட்டிய அன்றைக்கு அவளுக்கு அதன் அடியில் உட்காரவே நேரம் கிடைக்கவில்லை. உதவிக்குச் சோலையம்மாள் என்று ஒரு பெண்ணையும் போட்டார்கள். அவளுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். மரியசெல்வி சமைப்பது, கழுவுவது, கணக்கெழுதுவது என்று ஒதுங்கிக்கொண்டாள். ரீலிங்குக்குத் திரும்பக் கேட்டு வருடத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டே இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

2002-ல் ரீலிங் பிரிவையே மூடினார்கள். சிட்ட நூலுக்கு ஆர்டர் இல்லை என்றார்கள். அம்மாக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். பாண்டிச்செல்வி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போனாள். அவர்கள் இடத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்க் கூட்டிவந்தார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி. இப்போது ஆலையில் முந்நூறு பெண்கள். ஒருத்திக்கும் குழந்தை இல்லை. சட்டம் பெண்களைத்தான் எண்ணச் சொல்கிறது என்பதால் காப்பகம் இருந்தது. சோலையம்மாள் போய்விட்டாள். மரியசெல்வி தினமும் கதவைத் திறந்து, கூட்டி, பதிவேட்டில் 'குழந்தைகள்: இல்லை' என்று எழுதினாள். நாலு வருடம் அழுகையோடு மல்லுக்கட்டியவளுக்கு இந்த அமைதி அதைவிட எரிச்சலாக இருந்தது.

2004 சித்திரையில் ஒருநாள் மத்தியானம், விடுதிப் பெண் ஒருத்தி காப்பக வாசலில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்தவள். தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. விடுதியைப் பகலில் பூட்டிவிடுவார்களாம். மரியசெல்வி பாயை விரித்து, மின்விசிறிக்கு அடியில் படுக்கவைத்தாள். கேன்டீனில் கொஞ்சம் பால் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்ததும் அந்தப் பெண் தூங்கிவிட்டாள்.

அரைமணி நேரத்தில் முத்துச்சாமி வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"இது காப்பகம்மா. ஆறு வயசுக்கு உட்பட்டதுகதான் இருக்கலாம். சட்டம் உனக்குத் தெரியாதா? எழுப்பி அனுப்பு."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஓர் அடுப்புக்காக மாதக்கணக்கில் சட்டம் பேசினாள், ஆலையில் கேட்க ஆள் இல்லை. இப்போது சட்டம் இவர் வாயிலிருந்து வருகிறது.

"வாரத்துக்கு ஒருநாள் லீவுன்னும் அதே சட்டத்துலதான் இருக்கு சார். இந்தப் புள்ளைக்கு எப்ப லீவு விட்டீங்க? காய்ச்சல்னா ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு இருக்கு. கார்டு எங்க? போட்டீங்களா? அதெல்லாம் மொதல்ல சொல்லுங்க. அப்புறம் எழுப்புறேன்."

"நீ வரம்பு மீறிப் பேசுற."

"செத்த நேரம் மெல்லப் பேசுங்க. தூங்குது."

முத்துச்சாமி இரண்டு நாளில் அவளுக்கு மெமோ கொடுத்தார். அவள் விளக்கம் எழுதினாள். இந்தத் தடவை பிராங்கிளினை எழுதச் சொல்லவில்லை, தானே எழுதினாள். நான்கு பக்கம். வார விடுமுறை, மருத்துவ அட்டை, பகலில் விடுதிப் பூட்டு என்று எல்லாவற்றையும் எழுதி, ஆய்வாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். மெமோ அப்படியே நின்றுபோனது. முந்நூறு பேரில் நாற்பத்தொரு பேருக்கு அட்டை வந்தது. விடுதியைப் பகலில் பூட்டுவதை நிறுத்தினார்கள். வார விடுமுறை இரண்டு மாதம் நடந்தது. பிறகு பழையபடி ஆனது. அவள் மறுபடியும் எழுதினாள்.

அந்தக் காய்ச்சல்காரப் பெண், காப்பகத்தில் படுத்த அன்றைக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். எழுந்ததும் திருதிருவென்று விழித்து, "ஷிஃப்ட்டு ஆரம்பிச்சிருச்சாக்கா?" என்றாள்.

"ஆரம்பிச்சா ஆரம்பிக்கட்டும். பாலக் குடி" என்றாள் மரியசெல்வி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. பிறகு பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே இருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, 'ஒன்று' என்று எழுதினாள்.